சீமெந்துக் கப்பல் போகும்வரை

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் சீமெந்து இறக்கி விற்கும் ஒரு கம்பனியில் நான் கணினிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கணினிப் பகுதி என்றால் நான் ஒருத்திதான். கம்பனி வளவு கடற்படையின் காவல் எல்லைக்குள் இருந்தபடியால் பாஸ் இல்லாமல் உள்ளே போக ஏலாது. ஊர் விதானையார், பொலிஸ், நேவி என்று மாறி மாறி அலைந்து அந்தப் பாஸை எடுத்திருந்தேன். காலையில் அதைக் காட்டி உள்ளே போனால் பின்னேரம் அதைக் காட்டித்தான் வெளியே வரலாம். இடையில் கேற்றை மூடினார்கள் என்றால் அவர்களாகத் திறக்கும்வரை உள்ளேதான்.

என் கணவர் சம்பூர்க்காரர்; அந்த ஊர் அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது. வயரிங் வேலை செய்தவர். அவருடைய அடையாள அட்டையில் சம்பூர் விலாசம் இருந்தது. அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு நகரத்தில் ஒரு செக்பொயின்றைத் தாண்டுவது அப்போது லேசான காரியமில்லை. ஒருமுறை பிடித்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டு விட்டார்கள். திரும்பி வந்தவர் என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அன்புவழிபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் வாசல் படலையை அவர் தாண்டவே இல்லை. அயலவர்கள் கொண்டுவந்து தரும் ரேடியோக்களையும் மின்விசிறிகளையும் திருத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். அவருடைய தாயும் தகப்பனும் சம்பூரிலேயே இருந்தார்கள். கம்பனியின் கப்பல் கட்டும் ஜெட்டியின் நுனியில் நின்றால் குடாவுக்கு அப்பால் அந்தக் கரை மங்கலாகத் தெரியும்.

அந்த நேரம் எனக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு முன்னர் வேலை செய்த ஒரு பிள்ளை கர்ப்பமென்று சொன்னவுடன் பாஸை வாங்கிக்கொண்டு அவளை நகரத்துக் காரியாலயத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம். எனக்கோ அந்தப் பாஸ் வேலைக்கு மட்டும் உதவிய ஒன்றல்ல. தெருவில் மறிக்கிறபோது துறைமுகப் பாஸைக் காட்டினால் என்னை ஒரு கணம் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். அந்த ஒரு கணத்தில்தான் நான் மரக்கறி வாங்கினேன், மருந்து வாங்கினேன், கிளினிக்குக்குப் போய்வந்தேன்.

வளவில் இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஜெட்டியோடு ஒட்டித் தகரக் கூரை போட்ட அலுவலகம். முற்றத்தின் மறுகரையில் வெள்ளைக்காரர் காலத்தில் வெடிமருந்து வைக்கவென்று கட்டிய தடித்த சுவர்க் கட்டடம். அதைக் கல் ஸ்டோர் என்போம். குடாவுக்கு அப்பாலிருந்து துறைமுகத்துக்கு ஷெல் வரத் தொடங்கியதும் கொழும்புத் தலைமையகத்துக்குக் கணக்குகளைப் பற்றிய கவலை வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்த சேர்வரின் வயிற்றிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றிவிடுவதென்றும், எல்லாவற்றையும் கல் ஸ்டோருக்குள் ஒரு சேமிப்புப் பெட்டியில் வைப்பதென்றும் முடிவெடுத்தார்கள். லொறி நிறுக்கும் தராசும் அச்சு இயந்திரங்களும் அலுவலகத்தில் இருந்தபடியால் சேர்வர் அங்கேயே இருக்கும். ஆனால் தனக்கென்று ஒன்றும் இல்லாமல் இருக்கும். கரண்ட் கொடுத்ததும் கேபிள் வழியே கல் ஸ்டோரைக் கேட்டு, தான் யார், தன் வேலை என்ன என்பதையெல்லாம் அங்கேயிருந்து எடுத்துக்கொண்டு எழும்பும். அலுவலகத்தில் ஷெல் விழுந்து சேர்வர் நொறுங்கினாலும் இன்னொரு சேர்வரைக் கொண்டுவந்து அதே கேபிளில் கொழுவினால் விட்ட இடத்திலிருந்து வேலை நடக்கும். நல்ல ஏற்பாடுதான். அலுவலகத்தில் இருக்கும் ஆட்களைக் கல் ஸ்டோருக்கு மாற்றுவது பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேபிள் இரண்டு போட்டோம். ஒன்று கம்பங்களில் தொங்கி முற்றத்துக்கு மேலாகப் போனது. மற்றது குழாய்க்குள் நிலத்துக்கடியில் போனது. ஒன்று அறுந்தால் சேர்வர் மற்றதுக்குத் தானாக மாறிக்கொள்ளும்.

இதையெல்லாம் செய்து முடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். சிங்களப் பிள்ளை. என் வயது இருக்கும். கம்பனிக்கு அந்தச் சேமிப்புப் பெட்டியை விற்றவர்களின் ஆள். தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் இருவருக்கும் தெரிந்த ஆங்கிலத்தையும் கலந்து பேசிக்கொண்டோம். அவர் என்னை மிஸ் என்றார். நான் சேர் என்றேன். அடுத்த நாள் காலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவதாக வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் சேர்வரை முதன்முதலாகக் கேபிள் வழியே எழுப்பினோம். ஒழுங்காக எழும்பியது. அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சேமிப்புப் பெட்டியின் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க இருவரும் கல் ஸ்டோருக்கு வந்தோம். அங்கே ஸ்டோர்காரர் இருந்தார். கிண்ணியாவிலிருந்து தினமும் பாதை என்கிற படகில் துறையைக் கடந்து வருபவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். கப்பலில் இருந்த சீமெந்து முந்தின நாளே இறக்கி முடிந்தபடியால் கூலியாட்கள் யாரும் வரவில்லை. வளவுக்குள் நாங்கள் மூவரும், கேற்றில் ஒரு கடற்படை ஆளும்தான்.

முதல் ஷெல் கடலுக்குள் விழுந்தது. இரண்டாவது அலுவலகத்துக்குப் பின்னால், மின்மாற்றிப் பக்கமாக விழுந்தது. ஸ்டோருக்குள் லைற் அணைந்தது. கூரை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. நானா இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, "சுவரோட இரிங்க புள்ள, யன்னலுக்கு நேர இரிக்க வேணாம்" என்றார். கொழும்புக்காரர் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். அவருக்கு இதுதான் முதல் தடவை.

பிறகு துறைமுகப் பக்கமிருந்து திருப்பி அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் வேறு. கிட்டவாக ஒரு குத்து, பிறகு வானத்தில் தூரத் தூரப் போகும் ஓர் இழுவை. நாலைந்து போனதும் கொழும்புக்காரர் தலையை நிமிர்த்தி, "இது எங்களுடையதா? போகிறதா?" என்று கேட்டார்.

"போகுது" என்றேன்.

"அப்பாடா. நல்லது."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "என்ர மாமியும் மாமாவும் அங்கதான் இருக்கினம், சேர்" என்றேன். அவருக்குச் சிங்களத்தில் அதைச் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. ஆனால் அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு எது போனாலும் எது வந்தாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சற்று ஓய்ந்ததும் நானா கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தார். முற்றத்தில் ஒரு கம்பம் சரிந்து கிடந்தது. மேலால் போன கேபிள் அறுந்து மண்ணில் கிடந்தது. கேற்றில் நின்ற கடற்படை ஆள் ஓடிவந்து, வெளியே வரவேண்டாம், கேற் பூட்டியாகிவிட்டது என்றான். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கப்பல் நிற்கும்வரை அவங்கள் அடிப்பாங்கள். கப்பல் போகவேணும். போனபிறகுதான் திறக்கச் சொல்லியிருக்கு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவன் மண்மூட்டை அடுக்கிய தன் காவலுக்குள் ஓடிப்போனான்.

எங்கள் சீமெந்துக் கப்பல்தான் அது. வெறுமையாய், ஜெட்டியில் கட்டியபடி நின்றது.

கைத்தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. சண்டை தொடங்கினால் அவற்றை நிறுத்திவிடுவார்கள். ஸ்டோரின் மேசையில் இருந்த பழைய ரெலிபோன் மட்டும் உயிரோடு இருந்தது. அது மணியடித்தது. கொழும்பிலிருந்து மனேஜர். அவரும் தமிழர்தான்.

"கப்பல் ஏன் இன்னும் நிற்குது?" என்றார்.

நான் என்ன சொல்வது? சாமான் முழுவதும் இறக்கியாகிவிட்டது என்று எங்கள் கம்பனி ஒரு பத்திரம் கொடுக்கவேண்டும். அது இல்லாமல் கப்பலின் கப்ரின் கயிற்றை அவிழ்க்கமாட்டான். அந்தப் பத்திரம் சேர்வரிலிருந்துதான் வரவேண்டும்; டிஸ்க்குகளைக் கழற்றும் வேலையில் முந்தின நாள் அதை எடுக்க ஏலவில்லை. கரண்ட் இல்லாமல் சேர்வர் விழுந்து கிடக்கிறது. கையால் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முன்னொரு முறை கையால் எழுதியதைத் துறைமுகக் கந்தோரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார் மனேஜர். "சேர்வரை எழுப்புங்கோ. கப்பல் போகும். நீங்களும் வீட்டை போகலாம்."

நானா குனிந்த தலையோடு ஓடிப்போய், ஸ்டோரின் பின்சுவரோடு இருந்த ஜெனரேற்றரை இயக்கிவிட்டு வந்தார். லைற் வந்தது. அலுவலகத்துக்கும் அதே ஜெனரேற்றரிலிருந்துதான் கரண்ட் போகும். ஆகவே அங்கே சேர்வரும் தானாக எழும்பப் பார்த்திருக்கும். நானும் கொழும்புக்காரரும் சேமிப்புப் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கேபிளின் விளக்கு இருட்டாக இருந்தது. இரண்டாவதின் விளக்கு பச்சையாக எரிந்தது. நிலத்துக்கடியில் போனது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் வழியே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தோம். யாரும் வரவில்லை.

கொழும்புக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "இரண்டாவது வழியை அதற்குச் சொல்லவில்லை" என்றார் மெதுவாக.

எனக்கு உடனே விளங்கியது. சேர்வர் எழும்பிய பிறகு இரண்டு வழிகளையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் எழும்புவதற்கு முன்னர் அதற்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் எழுதிக் கொடுத்த விலாசத்தில் மட்டும் போய்த் தட்டும். காலையில் முதல் கேபிளின் விலாசத்தை மட்டும் எழுதிவிட்டு, மற்றதைச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதலாம் என்று விட்டிருந்தோம். இப்போது அது அறுந்துபோன வழியிலேயே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. யாராவது முற்றத்தைக் கடந்து அலுவலகத்துக்குப் போய், சேர்வரின் முன்னால் இருந்து, மற்ற விலாசத்தை எழுதவேண்டும்.

யாரும் எழும்பவில்லை. மீண்டும் இரண்டு ஷெல் வந்தது. தூரத்தில்தான் விழுந்தது.

எனக்கோ வேறொரு கஷ்டம் தொடங்கியிருந்தது. ஸ்டோருக்குள் கக்கூஸ் இல்லை. அது அலுவலகப் பக்கம் இருந்தது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன், அந்த மாதங்களில் அடக்க ஏலாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாய் நடந்தேன், இருந்தேன், திரும்ப நடந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பி, ஒரு வெறும் பெயின்ற் வாளியை எடுத்து, பின்பக்கத்துச் சாமான் இராக்கைக்கு அப்பால் வைத்தார். இராக்கையில் தார்ப்பாய்ப் படங்கொன்றை மறைப்பாகத் தொங்கவிட்டார்.

"அங்கால போங்க புள்ள. நாங்க கதவுப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கம்."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். கொழும்புக்காரர் என்னவென்று கேட்டார். நானா சிங்களம் நன்றாகப் பேசுவார், அவர்தான் சொன்னார். "கொஞ்சம் பொறுக்க முடியாதா, சண்டை நின்றபிறகு" என்று கொழும்புக்காரர் கேட்டதும், நானா கொஞ்சமும் குரலை மாற்றாமல் சிங்களத்தில் பதில் சொன்னார்: "அவ புள்ளத்தாச்சி. பொறுக்க ஏலா."

எனக்குக் காது சுட்டது. "உங்களுக்கு யார் சொன்னது நானா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல்ல. எனக்கு ஆறு புள்ள. ஜெனரேற்றர்ப் பக்கம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறீங்க. ரெண்டு கிழமையா நான் ஊத்துற தேத்தண்ணியும் குடிக்கல்ல. போங்க."

இரண்டு ஆண்களும் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நான் படங்குக்கு அப்பால் போனேன். நானா கிண்ணியாத் துறையில் பாதை ஓடாத நாட்களில் தான் படும் பாட்டைப் பற்றிச் சிங்களத்தில் உரத்துக் கதைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கோபம்போலக் கத்திக் கத்திக் கதைத்தார். நான் வாளியில் குந்தியபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெட்கத்தினால் அழுதேனா, இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அழுதேனா, எனக்கே தெரியாது.

திரும்பி வந்ததும் நானா தன் சோற்றுப் பார்சலை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். மீன் பொரியலும் பருப்பும். எனக்குக் கொண்டுவந்த சாப்பாடு அலுவலக மேசையில் கிடந்தது. சாப்பிட்டேன். அவர்கள் இருவரும் மிச்சத்தைப் பங்கிட்டார்கள்.

ரெலிபோன் திரும்ப அடித்தது. நிலைமையைச் சொன்னேன். மனேஜர் சொன்னார்:

"அவர் வெளியாள். அவருக்கு ஏதும் நடந்தால் அவையின்ர கம்பனிக்கு நாங்கள் பதில் சொல்லவேணும். நீங்கள் போய்ச் செய்யுங்கோ. நீங்கள் ஊர் ஆள்தானே, உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்."

"ஓம் சேர்" என்றுதான் என் வாயில் வந்தது. அந்த ஓமை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது வேறொன்றும் தோன்றவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன்.

"என்ன சொன்னார்?" என்று கொழும்புக்காரர் கேட்டார். சொன்னேன்.

அவர் என்னையும் கதவையும் பார்த்தார். குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார். "மிஸ், நீங்கள் இங்கே திரையில் இருங்கள். விலாசத்தோடு பெட்டியின் பெயரையும் கொடுக்கவேண்டும், அது நீளமானது. எனக்கு மனதில் இல்லை. ரெலிபோனில் வாசியுங்கள்" என்றார். நானா அவருடைய தோளைப் பிடித்து, ஜெட்டி மதிலோடு ஒட்டிப் போகச் சொன்னார். கதவு திறந்தது, மூடியது. அவர் ஓடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளிணைப்பில் மணி அடித்தது. மூச்சு வாங்கியபடி, "சொல்லுங்கள்" என்றார்.

அந்தப் பெயர் புள்ளிகளும் கோடுகளும் எழுத்துகளும் எண்களுமாக ஒரு முழு வரி நீளம். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பெட்டி திறக்காது. ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"எந்த எழுத்து? எம்மா, என்னா?"

"எம்."

"கேட்கவில்லை. மாத்தறை எம்மா?"

"ஓம், மாத்தறை எம். அடுத்தது என். நிலாவெளி என்."

"நிலாவெளி என்" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

பாதியில் ஷெல் வந்தது. மிகக் கிட்ட. ஸ்டோரின் சுவர் ஒருமுறை அசைந்து நின்றது. ரிசீவருக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. "சேர்" என்றேன். "சேர், சேர்." நானா என் பக்கத்தில் வந்து நின்று ஏதோ ஓதினார். குடாவைப் பார்த்துத் துறைமுகப் பீரங்கிக் குண்டுகள் அடுத்தடுத்துப் போயின. ஒவ்வொன்றும் போகும்போது மாமியின் வீட்டுக் கிணற்றடியும் தென்னைகளும் கண்ணுக்குள் வந்தன. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காகப் பதறுவதா, ரெலிபோனின் மறுமுனையில் இருக்கும் இந்தப் பிள்ளைக்காகப் பதறுவதா? ஒரே நெஞ்சுக்குள் இரண்டும் கிடந்து இடித்தன.

"மேசைக்குக் கீழே இருக்கிறேன்" என்றது குரல். "யன்னல் போய்விட்டது. சேர்வருக்கு ஒன்றுமில்லை. எங்கே விட்டோம்?"

விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். முதல் தடவை பிழைத்தது. முழுவதையும் திரும்ப வாசித்தேன். இரண்டாவது தடவை என் முன்னாலிருந்த திரையில் ஒரு வரி புதிதாக வந்தது. யாரோ கேட்கிறார்கள். பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது. அவர் தன் திரையில் வருவதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் வழி இல்லை. இரண்டாவது வழி இருக்கிறது. டிஸ்க் கிடைத்தது. எழும்புகிறது.

"நல்லம் சேர்" என்றேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

பத்திரத்தை எப்படி அச்செடுப்பது என்று அவருக்குத் தெரியாது. எந்த இடத்தில் எதை அழுத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கடற்படை ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான். வெயில் சாய்கிற நேரம் கப்பலின் சங்கு கேட்டது. கதவிடுக்கால் பார்த்தோம். வெறுங்கப்பல் உயரமாக, யாரையும் திரும்பிப் பாராமல் போனது. அதற்குப் பிறகும் உடனே கேற் திறக்கவில்லை. மேலிடத்து உத்தரவு வரவேண்டும் என்றார்கள். கொழும்புக்காரர் ஸ்டோருக்குத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய சேட்டெல்லாம் கண்ணாடித் தூள்.

திறந்தபோது ஒரு கடற்படை ஜீப் நின்றது. பொறியியலாளரை விடுதிக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கொழும்பிலிருந்து யாரோ பேசியிருந்தார்கள். அவர் ஏறிவிட்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்து இருந்தார். "வாருங்கள் மிஸ். உங்கள் வீட்டில் இறக்கிவிடச் சொல்கிறேன்."

"வேண்டாம் சேர். நான் நடந்து போவன்."

"இந்த நிலைமையில் எப்படி நடப்பீர்கள்?"

நான் எப்படி அவருக்கு விளங்கப்படுத்துவது? அந்த வேளையில் கடற்படை ஜீப்பிலிருந்து நான் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இறங்கினால் ஆள்காட்டி என்று பேர் வரும், நாளைக்கு எங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள், என் கணவரிடம் என்ன கேட்பார்கள் என்று அந்த ஒழுங்கையில் இருக்கிற எவருக்கும் தெரியும். நடந்து போனால் ஒவ்வொரு செக்பொயின்றிலும் நிற்கவேண்டும். நிற்பது மேல். "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் மனம் நொந்துதான் போனார்.

நானாவுக்கும் துறையில் பாதை ஓடவில்லை. நகரத்தில் உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொன்னவர், என்னோடு எங்கள் ஒழுங்கை முகப்பு வரை வந்துவிட்டுத் திரும்பினார்.

வீட்டில் கணவர் முன்னறை நிலத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார். "சாப்பிட்டீரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். வெகுநேரம் கழித்து, "எங்கட பக்கம் நிறையப் போனதோ?" என்றார். எனக்குத் தெரியாது, உள்ளே இருந்தபடியால் கேட்கவில்லை என்றேன். அன்புவழிபுரத்து வீட்டுக்குள் இருந்தே எல்லாவற்றையும் கேட்டிருந்தவரிடம்தான் அப்படிச் சொன்னேன்.

பொறியியலாளர் கொழும்புக்குப் போய்த் தன் வேலை முடிந்ததைப் பற்றி எங்கள் தலைமையகத்தில் சொன்னபோது, கர்ப்பிணிப் பெண்ணை அப்படியோர் இடத்தில் வைத்திருப்பது சரியில்லை என்றும் சொன்னாராம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அந்தக் கிழமைக்குள் என் பாஸைக் கேட்டு வாங்கினார்கள். என்னை நகரத்துக் காரியாலயத்தில் லொறிக்காரருக்குச் சீமெந்துத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுக்கும் மேசையில் இருத்தினார்கள். சம்பளம் குறைந்தது. தெருவில் மறிக்கிறபோது காட்டுவதற்கு அடையாள அட்டை மட்டும்தான் இருந்தது. சாமான் வாங்கப் போவதைக் குறைத்தேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் காசைக் கொடுத்துவிடத் தொடங்கினேன். காரியாலயம், வீடு; வீடு, காரியாலயம்.

அந்த மேசையில் இருந்தபடியால்தான் ஒரு செய்தி எனக்கு எல்லோருக்கும் முதல் வந்தது. மூதூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு லொறிச் சாரதி, சம்பூர்ச் சனம் எல்லாம் எழும்பி வெருகல் பக்கமாக நடந்து போகிறது என்றான். மாமனாரின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அவனுக்கு அவரைத் தெரிந்திருந்தது. ஒரு சைக்கிளில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சொன்னான். பக்கத்தில் ஒரு மனுசி நடந்தா, அது அவருடைய மனைவியாகத்தான் இருக்கவேண்டும் என்றான்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சொன்னதும் கணவர் கையில் இருந்த கம்பிக் குறட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். முகம் கழுவி, காற்சட்டை போட்டு, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தலை வாரியிருந்தார். படலை வரைக்கும் போய்க் கொண்டியில் கையை வைத்தார்.

"எங்க போகப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

அந்த லொறி வந்த பிறகு மூதூர்ப் பாதையை மூடிவிட்டார்கள். கப்பல்துறைச் செக்பொயின்றையும் தாண்ட விடமாட்டார்கள். வெருகலுக்குப் போவதென்றால் பறந்துதான் போகவேண்டும். கொஞ்ச நேரம் கொண்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு திரும்பி வந்து வாசல் படியில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை அப்போதுதான் நன்றாக அசையத் தொடங்கியிருந்தது. அவருடைய கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். மாமாவும் மாமியும் மட்டக்களப்பில் ஒரு முகாமுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதும், அவர்கள் முதன்முதல் கண்டபோது எங்கள் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள் என்பதும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. பொழுது படும்வரை அவர் அந்தச் சேட்டைக் கழற்றவில்லை.